சடை போர்த்திய யானைகள்

மேட்டூரில் மதகு தூக்கினால்தான் திருவையாற்றுப் படித்துறை நனையும். தண்ணீர் மட்டுமா, ஒரு காலத்தில் நமக்குப் படங்களும் சேலத்துப் பக்கமிருந்துதான் வந்தன. ஏற்காட்டு மலையடியில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவை நிறுவிய டி.ஆர்.சுந்தரம், லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். படமும் அவருக்குத் தறியிலிருந்து குறித்த நாளில் இறங்க வேண்டிய சரக்குதான்.

அமெரிக்காவில் அதே குணத்தோடு ஒருவர் இருந்தார்: ராபர்ட் லிப்பர்ட். சொந்தமாகத் தியேட்டர்கள் வைத்திருந்தவர். அவற்றுக்குத் தீனி போட மலிவாக, மளமளவென்று படம் எடுத்தார். இருவரும் கைகோத்ததில் 1952-ல் வந்தது 'தி ஜங்கிள்'. தமிழில் 'காடு'.

இயக்குநர் வில்லியம் பெர்க்கும் நாயகன் ராட் கேமரூனும் கௌபாய் படங்களில் ஊறியவர்கள். மேரி வின்ட்சர் இந்திய இளவரசி. சீசர் ரொமீரோவுக்கு ராமா சிங் வேடம். நம்மவர்களில் நம்பியாரும் சுலோசனாவும் உண்டு. இசையில் ஜி.ராமநாதனின் பங்கு இருந்தது. இணைத் தயாரிப்பாளர் எல்லிஸ் ஆர்.டங்கன், 1936-ல் 'சதி லீலாவதி'யில் தொடங்கி, நம் திருக்குவளைக்காரர் கருணாநிதி வசனம் எழுதிய 'மந்திரி குமாரி' வரை தமிழ்ப் படங்களை இயக்கிய ஒஹையோக்காரர். இரு தரப்புக்கும் பாலம் போட அவரைவிட்டால் யார்?

கதையைக் கேளுங்கள். காட்டானைகள் மிரண்டு ஊருக்குள் பாய்கின்றன. காரணம் தேடி வேட்டைக்காரனும் இளவரசியும் கிளம்புகிறார்கள். கடைசியில் பார்த்தால், என்றோ அழிந்துபோன பனியுக மாமூத்துகள் உயிரோடு உலவுகின்றன! பனியுக மிருகத்துக்குச் சுந்தரம் எங்கே போவார்? உள்ளூர் யானைகளுக்கே முடியைப் போர்த்திவிட்டார்கள். திருவையாற்று ஐயாறப்பர் கோயில் வீதியில் முகபடாம் கட்டிய யானையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தச் சடையைக் கண்டதும் பயம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. பாவம், நம்மூர் வெயிலில் அந்தப் போர்வையோடு நின்ற யானைகள்!

அமெரிக்கக் கண்ணுக்கு இந்தியா என்றால் அரண்மனை, யானை, காடு. அந்த அசட்டுத்தனம் சுந்தரத்துக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவர் கணக்கு வேறு: ஒரே காட்டில் இரண்டு மொழிக்குச் சரக்கு.

அப்போது வந்தது கௌபாய் நடிகர் மட்டும்தான். கௌபாய் குதிரையே தமிழுக்குள் ஓட இன்னும் பதினெட்டு ஆண்டு ஆயிற்று. 1970-ல் 'காலம் வெல்லும்', 1972-ல் 'கங்கா'. ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்குநராகிக் கிளப்பிய அந்தப் புழுதி அடுத்த வாரம்.