ஹல் ஹவுஸும் அலின்ஸ்கியும்: ஒரே தெருவின் இரு வழிகள்

சிகாகோ என்றதும் தமிழ் வாசகருக்கு இரண்டு நினைவுகள் வரும். ஒன்று, மே தினத்துக்கு வித்திட்ட 1886ஆம் ஆண்டின் ஹேமார்க்கெட் சதுக்கம். மற்றொன்று, பாஸ்கர சேதுபதி ஊக்கம் தர விவேகானந்தர் கடல் கடந்து சென்று 1893இல் பேசிய மேடை. இவ்விரண்டுக்கும் இடையே, 1889இல், அந்நகரின் ஹால்ஸ்டெட் தெருவில் ‘ஹல் ஹவுஸ்’ என்ற ஒரு பழைய மாளிகையில் குடியேறி, அதை அண்டை ஏழைகளுக்கான சேவை இல்லமாக்கினார் ஜேன் ஆடம்ஸ். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1939இல், அதே தெருவில் தெற்கே போனால் எதிர்ப்படும் கால்நடைக் கொட்டில்களுக்குப் பின்னால், ‘பேக் ஆஃப் தி யார்ட்ஸ்’ என்ற தொழிலாளர் பகுதியில், சால் அலின்ஸ்கி ஒரு மக்கள் மன்றத்தை உருவாக்கினார். நகர்ப்புற முற்போக்கு அரசியலின் இரு பெரும் மரபுகள் ஒரே தெருவை ஒட்டிப் பிறந்திருக்கின்றன.

வழக்கமாக இவ்விரண்டையும் எதிரெதிராகவே வைப்பார்கள். ஆடம்ஸ், ஏழைகளுக்காக உழைத்த படித்த மேட்டுக்குடிப் பெண்; அலின்ஸ்கி, ஏழைகளே தங்களுக்காகப் போராட வேண்டும் என்ற அமைப்பாளர். அலின்ஸ்கியே இந்தப் பிரிவினையை வளர்த்தார். சமூக சேவகர்கள் மக்களை அவர்களுடைய துன்பத்தோடு ஒத்துப்போகப் பழக்குகிறார்கள் என்பது அவரது தீராத குற்றச்சாட்டு. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து நிதானமாகப் பார்த்தால், கோடு நாம் நினைத்த இடத்தில் விழவில்லை.

குப்பையிலிருந்து தொடங்கலாம். 1894 கோடையில் ஹல் ஹவுஸ் மகளிர் மன்றத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர், பகலெல்லாம் வீட்டு வேலை பார்த்துவிட்டு, வாரத்தில் மூன்று மாலை சந்து சந்தாக நடந்து குப்பைத் தொட்டிகளைச் சோதித்தார்கள். இரண்டே மாதத்தில் சுகாதாரத் துறைக்குப் போன விதிமீறல் புகார்கள் 1,037. அடுத்த ஆண்டு ஆடம்ஸ் குப்பை அள்ளும் ஒப்பந்தத்துக்கே விண்ணப்பித்தார். விண்ணப்பம் தள்ளுபடியானது, மேயரோ அவரை வார்டின் குப்பை ஆய்வாளராக நியமித்தார். அதிகாலையில் எழுந்து வண்டிகளின் பின்னாலேயே போய், குப்பை ஒழுங்காகக் கொட்டப்படுகிறதா என்று பார்த்துவந்தார். ஒரு குறுகிய தெருவில் படிந்துபோன அழுக்கைத் தோண்டியபோது பதினெட்டு அங்குலம் கீழே கல் பாவிய சாலையே கிடைத்தது. பின்னர், நகர வார்டுகளின் இறப்பு விகிதப் பட்டியலில் அந்த வார்டு மூன்றாம் இடத்திலிருந்து ஏழாம் இடத்துக்கு இறங்கியது.

அலின்ஸ்கியின் பகுதியிலும் முதல் எதிரி அழுக்குதான். இறைச்சிக் கழிவு அழுகி வாயுக் குமிழ்கள் கிளம்பியதால் ‘பப்ளி கிரீக்’ என்று பெயர் பெற்ற ஓடை அங்கே ஓடியது. அப்பகுதியின் குப்பைமேடுகளை எதிர்த்து மேரி மெக்டவல் 1894லிருந்தே போராடிவந்தார். அவர் ஹல் ஹவுஸில் இருந்து வந்தவர். அலின்ஸ்கி காலடி வைத்த நிலம் ஏற்கெனவே உழப்பட்ட நிலம். குழந்தைகளுக்குப் பாலும் மதிய உணவும் பெற்றுத் தருவது அவரது மன்றத்தின் முதல் வேலைகளில் ஒன்றாக இருந்தது. எந்தச் சமூக சேவகரும் அதைத்தான் முதலில் செய்திருப்பார்.

புள்ளிவிவரத்திலும் இருவரும் உறவினரே. ஹல் ஹவுஸில் வாழ்ந்த ஃப்ளோரன்ஸ் கெல்லியின் குழு வீடு வீடாகச் சென்று குடும்பத்தின் தேசிய இனத்தையும் கூலியையும் கேட்டு எழுதி, வண்ணம் தீட்டிய வரைபடங்களாக 1895இல் வெளியிட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் சமூகவியல் அந்த வழியிலேயே வளர்ந்தது. அதே துறையில் படித்த அலின்ஸ்கி, இளங்குற்றவாளிகளைப் பற்றிய ஆய்வுத் திட்டத்தின் ஊழியராகத்தான் பேக் ஆஃப் தி யார்ட்ஸுக்கு வந்தார். கணக்கெடுத்தவர்கள் இரு தரப்பினரும். கணக்கோடு நின்றுவிடாதவர்களும் இரு தரப்பினரும்.

பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. 1896இல் ஆடம்ஸ் ருஷ்யா சென்று டால்ஸ்டாயைச் சந்தித்தார். அவரது கவுனின் அகன்ற கைப்பகுதியைப் பிடித்து இழுத்துப் பார்த்த டால்ஸ்டாய், இந்தத் துணியில் ஒரு சிறுமிக்கு உடை தைக்கலாமே என்றார். பிறகு, உங்களுக்குச் சோறு போடுவது யார் என்று கேட்டார். தனக்கு ஊரில் நிலமிருக்கிறது என்று ஆடம்ஸ் சொல்ல, அப்படியானால் நீங்களும் நிலத்தில் கால் வைக்காத நிலவுடைமையாளர்தானா என்றார். அந்தக் கேள்வி ஆடம்ஸை உலுக்கியது. தினமும் இரண்டு மணி நேரம் ஹல் ஹவுஸ் அடுமனையில் ரொட்டி சுடுவது என்று முடிவெடுத்தார். வீடு திரும்பியதும், வாசலில் காத்து நின்றவர்களின் தேவைகளைப் பார்த்து அதைக் கைவிட்டார். இந்தக் கேள்வியை அலின்ஸ்கியிடமும் கேட்டிருக்கலாம். 1940இல் அவர் தொடங்கிய தொழிற்பகுதி அறக்கட்டளைக்குப் பணம் தந்து துணை நின்றவர் மூன்றாம் மார்ஷல் ஃபீல்டு, நகரின் மாபெரும் வணிகக் குடும்பத்தின் வாரிசு. மக்களின் சொந்தக் காலில் நிற்க வேண்டிய அமைப்பும் தொடக்கத்தில் ஒரு செல்வந்தரின் தோளைப் பற்றியே எழுந்து நின்றது.

வேறுபாடே இல்லையா? இருக்கிறது, ஆழமாகவே இருக்கிறது. ஆடம்ஸ் நியாயத்தை நம்பினார். அலின்ஸ்கி பலத்தை நம்பினார். ஆடம்ஸ் இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைக்க விரும்பினார். அலின்ஸ்கி எதிர்த் தரப்பு தானாக மேசைக்கு வரும்வரை நெருக்கினார். 1939 ஜூலையில் இறைச்சித் தொழிலாளர் சங்கத்துக்காக நடந்த கூட்டத்தில், கத்தோலிக்க ஆயர் பெர்னார்டு ஷீலும் தொழிற்சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸும் ஒரே மேடையில் தோன்றினார்கள். போலந்து, லித்துவேனியா, ஸ்லோவாக்கியா என்று தனித்தனிக் கோயில் கட்டிக்கொண்டு ஒருவரோடொருவர் பேசாதிருந்த மக்கள் அந்த ஆண்டு ஒரே மன்றத்தில் கூடினார்கள். பாதிரியாரிடம் போய் அலின்ஸ்கி பேசியது தர்மத்தை அல்ல: உம் சபையாருக்குக் கூலி உயர்ந்தால் உம் கோயிலுக்கும் வருமானம் உயரும் என்பதே அவர் வாதம்.

ஆனால் சுயநலமே மனிதரைக் கூட்டும் என்ற இந்தப் பாடத்தை, ஆடம்ஸ் தோல்வியின் வழியாக முன்பே கற்றிருந்தார். வார்டு உறுப்பினர் ஜானி பவர்ஸை வீழ்த்த ஹல் ஹவுஸ் 1890களில் இருமுறை முயன்று இருமுறையும் தோற்றது. கிறிஸ்துமஸுக்கு வான்கோழி, சாவு வீட்டுக்குச் செலவு, பையனுக்கு வேலை என்று பவர்ஸ் எல்லாக் கதவையும் தட்டியிருந்தார். 1898இல் எழுதிய கட்டுரையில் ஆடம்ஸ் அவரைத் திட்டவில்லை. அவர் ஏன் வெல்கிறார் என்று விளக்கினார்: அண்டை வீட்டாரின் தேவை அறிந்த அண்டை வீட்டுக்காரர் என்பதால். புல்மன் வேலைநிறுத்தத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போகிறது. தொழிலாளருக்கு அழகான நகரமே கட்டித் தந்த முதலாளியை அதில் லியர் மன்னனோடு ஒப்பிடுகிறார். கலந்து பேசாமல் செய்யும் நன்மை கொடுங்கோன்மையாகிவிடும் என்கிறார். அலின்ஸ்கி ஆயுள் முழுக்கச் சொன்ன வாதத்தின் கரு, அவர் பிறப்பதற்கு முன்பே ஹல் ஹவுஸில் எழுதப்பட்டுவிட்டது.

இரண்டு மரபும் ஒரே நேரத்தில் சோதனைக்கு உள்ளான ஆண்டு 1961. எதிரில் நின்றவர் ஒருவரே, மேயர் ரிச்சர்ட் டேலி. காரணமும் ஒன்றே: நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் பல்கலைக்கழகங்களுக்கு நிலம். இலினாய் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகத்துக்காக ஹல் ஹவுஸ் சூழ்ந்த பகுதி குறிக்கப்பட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத்துக்காகக் கறுப்பின மக்கள் வாழ்ந்த உட்லான் குறிக்கப்பட்டது. உட்லானில் அலின்ஸ்கியின் ஆட்கள் கட்டிய அமைப்பு அந்த ஆகஸ்டில் 46 பேருந்துகளில் மக்களை ஏற்றி, வாக்காளராகப் பதிவு செய்ய நகர மன்றத்துக்கு அழைத்துச் சென்றது. ஹால்ஸ்டெட் தெருவிலோ, இத்தாலியத் தையல்காரரின் மகளும் சிறுவயதிலிருந்து ஹல் ஹவுஸில் வளர்ந்தவருமான ஃப்ளோரன்ஸ் ஸ்காலா, அண்டை வீட்டுப் பெண்களைத் திரட்டிக்கொண்டு மேயர் அலுவலகத்திலேயே போய் உட்கார்ந்தார்.

உட்லான் வென்றது. 61ஆம் தெருவுக்குத் தெற்கே வருவதில்லை என்று பல்கலைக்கழகம் இணங்கியது. ஹால்ஸ்டெட் தெரு தோற்றது. 1963இல் வீடுகளும், ஹல் ஹவுஸின் பதின்மூன்று கட்டடங்களில் பெரும்பாலானவையும் இடிக்கப்பட்டன. விற்கச் சம்மதித்தவர்கள் ஹல் ஹவுஸின் அறங்காவலர்கள். எதிர்த்து நின்றவர்கள் ஹல் ஹவுஸ் வளர்த்த பெண்கள். அமைப்பை மேலிருந்து நடத்தியவர்கள் அதைக் கைவிட, கீழிருந்து வந்தவர்கள் அதற்காக நின்றார்கள். யாருக்காகவோ நடத்தப்பட்ட இல்லம், தமக்காகத் தாமே பேசும் மனிதர்களை உருவாக்கியிருந்தது.

மறுபுறம் பார்த்தால் சமச்சீர் இன்னும் துல்லியமாகத் தெரியும், வலிக்கவும் செய்யும். பேக் ஆஃப் தி யார்ட்ஸில் மக்கள் உண்மையாகவே தம் விதியைத் தாமே தீர்மானித்தார்கள். வங்கிகளை வற்புறுத்தி வீட்டுக் கடன் பெற்றார்கள். ஆயிரக்கணக்கான வீடுகளைப் புதுப்பித்தார்கள். அதே ஒற்றுமையைக் கொண்டு கறுப்பினக் குடும்பங்கள் அண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். அலின்ஸ்கி அதை மறைக்கவில்லை. 1972இல், இறப்பதற்குச் சற்று முன், தான் கட்டிய மன்றத்தைக் கவிழ்க்க அங்கேயே போய்க் குடியேறி இன்னொரு இயக்கம் கட்ட யோசிப்பதாகப் பேட்டியில் சொன்னார். மக்களே முடிவெடுத்தால் போதும் என்ற கொள்கைக்கு அதை வகுத்தவரே சொன்ன மறுப்பு அது.

தராசு எந்தப் பக்கம் சாய்கிறது? ஹல் ஹவுஸின் முதல் கிறிஸ்துமஸில், கொடுத்த மிட்டாயை வாங்க மறுத்தார்கள் சில சிறுமிகள். ஆறு வாரமாகக் காலை ஏழு முதல் இரவு ஒன்பது வரை மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை செய்ததால் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றார்கள். அந்தச் சிறுமிகளால் சங்கம் கட்டியிருக்க முடியாது, ஓட்டும் கிடையாது. அவர்களுக்காக வேறொருவர் பேசத்தான் வேண்டியிருந்தது. பதினான்கு வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலையில் வைக்கத் தடை விதித்த 1893ஆம் ஆண்டின் சட்டம் அப்படித்தான் வந்தது. 1899இல் நாட்டின் முதல் சிறார் நீதிமன்றம் சிகாகோவில் அமைந்ததற்கும் இதே கூட்டத்தின் உழைப்பு உண்டு. உட்லான் மக்களுக்கு அப்படி ஒருவர் தேவைப்படவில்லை. பேருந்து போதுமாக இருந்தது.

என் தீர்ப்பு இது: அலின்ஸ்கியின் முறை வலிமையானது, ஆனால் மன்றத்துக்கு வெளியே நிற்பவரைப் பார்க்கும் கண் அதற்குள் இல்லை; ஆடம்ஸின் முறைக்கு அந்தக் கண் இருந்தது, கைதான் இரவல். அலின்ஸ்கி 1971இல் எழுதிய விதிகளின் நூலைக் கையில் எடுக்கும் இளைஞர்கள், ஹல் ஹவுஸைப் பற்றி ஆடம்ஸ் 1910இல் எழுதிய நினைவுக் குறிப்புகளையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும். எதை முதலில் படித்தாலும் சரி, ஒன்றோடு நிறுத்திவிட வேண்டாம்.