இரண்டு முறை பிறந்த ராக்கு

ஆரோவில் பக்கம் ஒரு மட்பாண்டக் கூடத்தில், “நாளைக்கு ராக்கு சுடுறோம், வந்து பாருங்க” என்றார்கள். வீட்டில் சொன்னதும் அம்மா, “ராகு காலத்துல எதுக்குடா போற?” என்றாள். போய்ப் பார்த்தபோது அவள் காதில் விழுந்ததும் அப்படியொன்றும் தப்பில்லை என்று பட்டது. ராகுவுக்குப் புகை நிறம் என்பார்கள். அங்கேயும் எல்லாம் புகைதான்.

சூளை என்றால் சுட்டு முடித்து, ஆறும்வரை பொறுத்துத்தான் பிரிப்பார்கள். அவசரப்பட்டால் பானை விரிசல் விட்டுவிடும். இங்கே எல்லாம் தலைகீழ். சுமார் 1000 டிகிரியில் கனன்றுகொண்டிருந்த கேஸ் சூளையின் மூடியை அப்படியே தூக்கினார்கள். உள்ளே குவளை நெருப்புத் துண்டாக இருந்தது. மேலே பூசிய மெருகு உருகித் தேன் பதத்தில் பளபளத்தது. நீள இடுக்கியால் கவ்வி வெளியே எடுத்ததும், குளிர்காற்று பட்டு மெருகு ‘ணிங், ணிங்’ என்று மெல்லிய ஓசையோடு வெடித்தது. அடுத்த கணம் மரத்தூளும் பழைய பேப்பரும் போட்ட தகர டிரம்முக்குள் இறக்கினார்கள். குப்பென்று தீ எழும்பியது. உடனே மூடி போட்டார்கள். மூடியின் ஓரமெல்லாம் மஞ்சள் புகை கசிந்து கண்ணைக் கரித்தது.

வித்தை நடப்பது அந்த டிரம்முக்குள்தான். உள்ளே காற்று தீர்ந்துவிடுகிறது. நெருப்போ அடங்க மறுக்கிறது. அதனால் மெருகில் கலந்திருக்கும் தாமிர ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. பறிகொடுத்த தாமிரம் பழையபடி உலோகமாகி, புளி போட்டுத் தேய்த்த செப்புக்குடம்போல மினுங்குகிறது. மெருகு பூசாத இடம் கரியைக் குடித்துக் கறுத்துப்போகிறது. வெடிப்புகளில் புகை இறங்கி, குவளை முழுக்க வலை பின்னியதுபோல் ஆகிவிடுகிறது. நம்மூர்க் கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளின் உட்புறம் கறுத்திருப்பதும் இதே கணக்கில்தான். கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உள்ளே காற்று போகவில்லை என்பது பொதுவான விளக்கம்.

“ஜப்பான்காரங்க 400 வருஷமாப் பண்றது” என்றார் பக்கத்தில் நின்றவர். பாதிதான் சரி. பெயருக்கு அந்த வயது உண்டு. டிரம்முக்கும் மரத்தூளுக்கும் கிடையாது.

பெயர் பிறந்த ஊர் கியோட்டோ. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே சோஜிரோ என்று ஒரு கூரை ஓட்டுத் தொழிலாளி இருந்தார். அவர் செய்து, 1574 என்று ஆண்டு பொறித்த கூரைச் சிங்கம் ஒன்று இன்றும் இருக்கிறது. தேநீர்ச் சடங்கின் ஆசான் சென் நோ ரிக்யூவுக்குச் சீனக் கிண்ணங்களின் பகட்டு அலுத்துவிட்டது. தனக்கு வேண்டிய கிண்ணத்தை அவர் கேட்டது பேர்பெற்ற குயவர்களிடம் அல்ல, இந்த ஓட்டுக்காரரிடம். சோஜிரோ சக்கரத்தைத் தொடவில்லை. மண்ணை அடைபோலத் தட்டி, ஓரத்தை உள்ளங்கைகளுக்குள் மெல்ல எழுப்பி, இறுகியதும் சீவி எடுத்தார். இரண்டு கையாலும் ஏந்திக் குடிப்பதற்கென்றே ஆன உருவம். கறுப்புக் கிண்ணத்தைச் சூளையிலிருந்து தணலாகவே இடுக்கியால் எடுத்து ஆறவிட்டார்கள்; சட்டென்று ஆறுவதில்தான் அந்தக் கறுப்பு நிலைக்கிறது. டிரம் இல்லை, சருகு இல்லை, புகை இல்லை. கறுப்பு வந்தது காமோ ஆற்றின் இரும்புச் சத்துள்ள கல்லை அரைத்துச் செய்த மெருகிலிருந்து.

அப்போது நாட்டை ஆண்ட ஹிதேயோஷி கட்டிய அரண்மனையின் பெயர் ஜுராக்குதாய். அதிலிருந்து வந்த ‘ராக்கு’ கிண்ணத்தோடும் குடும்பத்தோடும் ஒட்டிக்கொண்டது. சுகம், நிம்மதி என்று அர்த்தம். ரிக்யூவோ 1591இல் அதே ஹிதேயோஷியின் ஆணைப்படி வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக வேண்டியிருந்தது. அரண்மனையையும் 1595இல் இடித்துவிட்டார்கள்.

1911இல் டோக்கியோவில் ஒரு விருந்து. வந்தவர்களிடம் ஆளுக்கொரு சுட்ட பாண்டத்தைக் கொடுத்துப் படம் வரையச் சொன்னார்கள். வரைந்ததை அங்கேயே ராக்கு முறையில் சுட்டுக் கையில் தந்துவிட்டார்கள். விருந்தாளிகளில் பெர்னார்ட் லீச் என்ற இளம் ஆங்கிலேய ஓவியரும் ஒருவர். அன்றோடு அவர் பானைக்காரர் ஆகிவிட்டார். 1940இல் அவர் எழுதி வெளிவந்த ‘எ பாட்டர்ஸ் புக்’ மேற்கத்தியக் கூடங்களுக்கெல்லாம் பாடப் புத்தகமாகப் போனது. அதில் ராக்குவுக்கும் சில பக்கங்கள் இருந்தன.

அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு 1960இல் கலிபோர்னியாவில் ஒருவர் களத்தில் இறங்கினார். பால் சோல்ட்னர், ஸ்கிரிப்ஸ் கல்லூரி ஆசிரியர். ஒரு கைவினைத் திருவிழாவில் ஜனங்கள் முன்னால் சுட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. கைக்குக் கிடைத்ததை வைத்துச் சூளை கட்டி, பாண்டத்தைச் சிவக்க வெளியே எடுத்துப் பார்த்தால், நிறம் திருவிழா பொம்மைபோலப் பளிச்சென்று இருந்தது. மனிதருக்குப் பிடிக்கவில்லை. என்ன தோன்றியதோ, பக்கத்தில் உதிர்ந்து கிடந்த ‘பெப்பர்’ மர இலைகளில் போட்டு உருட்டினார். (நம்ம ஊர் மிளகுக்கொடி இல்லை, அங்கே தெருவோரம் வளர்க்கும் தொங்கிலை மரம்.) இலை பற்றிப் புகைந்தது. அந்தப் புகை விட்டுச்சென்ற கறுப்பு அவர் கண்ணை இழுத்தது. இலையோடு நிற்காமல் வைக்கோல், மரத்தூள், மூடி போட்ட டிரம் என்று ஊர் ஊராகப் பழக்கம் பரவியது. பிடிக்காததை மறைக்கப் போய் வந்த முறை இது. ‘அமெரிக்க ராக்கு’ என்று அடைமொழி போட்டு அழைப்பதுதான் முறை; யார் போடுகிறார்கள்?

கியோட்டோவில் அந்தக் குடும்பம் இன்னும் கிண்ணம் செய்கிறது. 2019இல் 16ஆவது தலைமுறை பொறுப்பேற்றது. முன்னோர் தோண்டிச் சேர்த்துவைத்த மண்ணில் வனைகிறார்கள். தாங்கள் தோண்டுவதைப் பேரப்பிள்ளைகளுக்கு என்று வைத்துவிடுகிறார்கள். அந்தக் கிண்ணம் தேநீர் குடிப்பதற்கு. புகை ராக்குவோ பார்ப்பதற்கு மட்டும். மண் முழுக்க வேகாததாலும் மெருகெல்லாம் வெடிப்பாக இருப்பதாலும் அதில் தண்ணீர் நிற்காது.

அன்று எனக்கொரு குவளை கொடுத்தார்கள். தண்ணீர் நிற்காது என்று சொல்வதற்குள் அம்மா அதில் தண்ணீர் ஊற்றிச் செம்பருத்தி போட்டு வைத்துவிட்டாள். காலையில் அலமாரிப் பலகையில் வட்டமாக ஈரம். “கடல் தாண்டி வந்த வித்தையாம், ஒழுகுது பாரு” என்று துடைத்துவிட்டு, மணலைக் கொட்டி ஊதுவத்தி குத்தி வைத்தாள்.