பாய்காட்: ஒரு வினைச்சொல்லும் அதன் இரு முகங்களும்

ஆங்கிலத்தில் இன்று அன்றாடம் வழங்கும் 'பாய்காட்' என்னும் வினைச்சொல் 1880-க்கு முன்பு அம்மொழியில் இல்லை. அதுவரை அது ஒரு குடும்பப் பெயர் மட்டுமே. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களை மேற்பார்த்து வந்த முகவர் சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட். விளைச்சல் பொய்த்த காலத்தில் குத்தகையைக் குறைக்கும்படி குடியானவர்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்ட அளவுக்கு இசையாத நிர்வாகம், அவர்களை நிலத்திலிருந்து வெளியேற்ற முனைந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 19-ஆம் நாள் என்னிஸ் நகரில் பேசிய பார்னெல், பிறர் வெளியேற்றப்பட்ட நிலத்தை எடுத்துக்கொள்பவனைக் கொல்ல வேண்டா, கடையிலும் தெருவிலும் வழிபாட்டு இடத்திலும் அவனைத் தனிமைப்படுத்துங்கள் என்று அறிவுறுத்தியிருந்தார். அந்த முறையை மேயோ மக்கள் பாய்காட்டின் மீது கையாண்டார்கள். வேலையாட்கள் நின்றார்கள், கொல்லர் மறுத்தார், துணி வெளுப்பவரும் மறுத்தார், கடைக்காரர்கள் பொருள் தரவில்லை. வயலில் நின்ற பயிரை அறுக்க வடக்கிலிருந்து ஐம்பது தன்னார்வலர்கள் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக ஏறத்தாழ ஆயிரம் படைவீரர்களும் காவலர்களும் நிறுத்தப்பட்டார்கள். காக்கப்பட்ட விளைச்சலின் மதிப்பைப் போலப் பல மடங்கு பணம் காவலுக்குச் செலவாயிற்று. டிசம்பர் தொடக்கத்தில் பாய்காட் அயர்லாந்தை விட்டு வெளியேறினார்.

இச்செயலுக்கு என்ன பெயரிடுவது என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஆங்கிலத்தில் முன்பே இருந்த சொல் 'ஆஸ்ட்ரசைஸ்'. பழைய ஏதென்ஸில் பானை ஓட்டுச் சில்லில் பெயர் கீறி ஒருவரை நாடு கடத்திய வழக்கத்திலிருந்து பிறந்தது அது. அச்சொல் குடியானவர்களுக்கு விளங்காது என்று கருதிய உள்ளூர்ப் பாதிரியார் ஜான் ஓ'மாலி, முகவரின் பெயரையே வினையாக்கலாம் என்று முன்மொழிந்ததாக அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் பதிவு செய்தார். சில ஆண்டுகளுக்குள் பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் முதலிய மொழிகளிலும் அச்சொல் புகுந்தது.

இந்தியாவில் அச்சொல் பெருவழக்கானது 1905-இல். வங்கப் பிரிவினையை எதிர்த்து, அந்நியப் பொருள்களை விலக்கும்படி கிருஷ்ணகுமார் மித்ராவின் 'சஞ்சீவனி' இதழ் ஜூலையில் எழுதியது. ஆகஸ்ட் 7-ஆம் நாள் கல்கத்தா நகர மண்டபக் கூட்டம் அதை ஏற்றது. ஆங்கிலச் சொல்லுக்கு இணையாக இந்திய மொழிகள் பல எடுத்துக்கொண்டது 'பகிஷ்காரம்' என்னும் வடசொல்லை. 'பகிஸ்' என்றால் வெளியே. 'காரம்' என்றால் செய்தல். வெளியாக்குதல் என்பதே நேர்ப்பொருள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சாதிக் கட்டுப்பாட்டை மீறியவரை வெளியேற்றுவதைக் குறிக்க அச்சொல் நெடுங்காலமாக இருந்து வந்தது. வட இந்திய ஊர்களில் அதற்கு 'ஹுக்கா பானி பந்த்' என்று பெயர். புகையும் தண்ணீரும் நிறுத்தம். தமிழில் ஊர்விலக்கம், தள்ளிவைத்தல், ஒதுக்கிவைத்தல். மேயோவில் எளியோர் வலியோர் மீது எடுத்த கருவிக்கும், இந்திய ஊர்களில் வலியோர் எளியோர் மீது நெடுங்காலம் எடுத்துவந்த கருவிக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டது.

பெயர் மட்டுமன்று, செயலும் கலந்தது. சுதேசி காலத்து வங்கத்தில் அந்நியத் துணி விற்றவருக்கு நாவிதரும் வண்ணாரும் புரோகிதரும் பணி செய்ய மறுக்கும்படி செய்யப்பட்டதுண்டு. நிலவுடைமையாளர்களின் சொற்படி மலிவான துணியைக் கைவிட வேண்டிவந்தபோது இழப்பு ஏழை வணிகருக்கும் ஏழை நுகர்வோருக்கும் ஆயிற்று. அவர்களுள் முஸ்லிம்களும் நாமசூத்திரர்களும் பலர். 1916-இல் வெளிவந்த 'கரே பாயிரே' நாவலில் தாகூர் எழுப்பிய கேள்வி இதுவே.

காந்தியும் இச்சொல்லிடம் தயக்கம் காட்டினார். 1919 நவம்பரில் தில்லியில் நடந்த கிலாபத் மாநாட்டில் பிரிட்டிஷ் பொருள் பகிஷ்காரத் தீர்மானத்தை அவர் ஏற்கவில்லை. தம் கருத்தை உணர்த்த இந்தியிலோ உருதுவிலோ சொல் அகப்படாமல், 'நான் கோவாப்பரேஷன்' என்னும் ஆங்கிலத் தொடரை அங்கே முதன்முறையாகப் பயன்படுத்தியதாகத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அதுவே தமிழில் ஒத்துழையாமை ஆயிற்று. மாற்றுக் கருத்துடையோருக்கு உணவும் தண்ணீரும் தடுப்பது அகிம்சைக்கு முரண் என்றும் அவர் பின்னர் எச்சரித்தார்.

அச்சொல்லின் மறுபக்கத்தில் நின்றோர் அதையே தம் பெயராக்கிக்கொண்டார்கள். அம்பேத்கர் 1924-இல் பம்பாயில் நிறுவிய அமைப்பு 'பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை'. மகாத் குளப் போராட்டத்துக்குச் சில நாட்களுக்குப் பின், 1927 ஏப்ரலில் அவர் தொடங்கிய இதழ் 'பகிஷ்கிருத பாரத்'. வெளியேற்றப்பட்டோரின் பாரதம் என்பது பொருள். அவ்வாண்டு டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ், சைமன் குழுவைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தது. பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையோ 1928-இல் அக்குழுவிடம் தன் கோரிக்கை மனுவை அளித்தது. ஒரே வேர்ச்சொல்லின் செய்வினையும் செயப்பாட்டு வினையும் இரு வேறு அரசியல்களாக எதிரெதிரே நின்றன.

பம்பாய் அரசு 1928-இல் அமைத்த ஸ்டார்ட் குழுவில் அம்பேத்கரும் உறுப்பினர். உரிமை கேட்ட ஒடுக்கப்பட்டோருக்குக் கூலி வேலை மறுக்கப்படுவதையும், கடையில் பொருள் மறுக்கப்படுவதையும், ஊர்ப் பாதை அடைக்கப்படுவதையும் அக்குழுவின் 1930 அறிக்கை விவரித்தது. வெளிப்படையான வன்முறையினும் இது கொடியது என்றது. ஒப்பந்தச் சுதந்திரம் என்னும் சட்டப் போர்வையில் இது மறைந்துகொள்வதையும் சுட்டியது. எவரும் எவரையும் அடிக்கவில்லை. விற்க விருப்பமில்லை, வேலை தர விருப்பமில்லை, அவ்வளவே.

முதல் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து அளித்த பாதுகாப்புத் திட்டம் இப்போர்வையை விலக்க முயன்றது. வீடோ நிலமோ தர மறுத்தல், வேலையும் வணிகமும் மறுத்தல், வழக்கமான சமூக உறவைத் துண்டித்தல் எனப் பாய்காட்டுக்கு அது வரையறை தந்து, அதைக் குற்றமாக்கக் கோரியது. அவ்விதிகளுக்கு மூலம் 1922-ஆம் ஆண்டின் பர்மா பாய்காட் தடுப்புச் சட்டம். அது தேசிய இயக்கத்தின் புறக்கணிப்பை ஒடுக்க ஆட்சியாளர் கொண்டுவந்த சட்டம். அடக்குமுறைக்கு எழுதப்பட்ட வாசகம், ஒடுக்கப்பட்டோரின் காப்புக்காக எடுத்தாளப்பட்டது.

அக்கோரிக்கை சட்டமாக நெடுங்காலம் ஆயிற்று. மகாராஷ்டிர சட்டமன்றம் 2016-இல் சமூக விலக்கத்துக்கு எதிராகத் தனிச்சட்டம் நிறைவேற்றியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், சமூக, பொருளாதார பாய்காட்டை விதிப்பதையும் அதைக் காட்டி மிரட்டுவதையும் குற்றமாக்கியது.

தமிழ்ச் செய்திகளில் தேர்தல் புறக்கணிப்பு, தேநீர் விருந்து புறக்கணிப்பு என்பவற்றோடு 'சமூகப் புறக்கணிப்பு' என்பதும் ஒரே வரிசையில் வருகிறது. புறக்கணித்தல் என்பதற்குப் பொருட்படுத்தாது விடுதல் என்ற பொருளும் உண்டு. ஒரு குடும்பத்துக்குக் கடையும் கிணறும் கூலியும் ஒரே நாளில் அடைக்கப்படும்போது, ஊரில் எவரும் பொருட்படுத்தாமல் இருந்துவிடவில்லை. கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். அதற்குத் தமிழில் ஊர்விலக்கம் என்ற சொல் முன்பே இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையிலும் செய்தியிலும் அச்சொல்லே இடம்பெறுமானால், விலக்கியவர் யார், விலக்கப்பட்டவர் யார் என்ற கேள்வியைத் தவிர்க்க இயலாது.