சீரங்கப்பட்டண உடன்படிக்கையும் மைசூர் அரசும் (1792–1799)

தோற்ற நாட்டின்மீது வென்றோர் சுமத்தும் கடுமையான உடன்படிக்கை அமைதியை நிலைநாட்டுமா, அன்றி அடுத்த போருக்கு வித்திடுமா என்பது வரலாற்றறிஞர் பலகாலும் எழுப்பிவரும் வினாவாகும். இதற்கு ஐரோப்பிய வரலாற்றினின்றே பெரும்பாலும் சான்று காட்டுவர். தென்னாட்டு வரலாற்றிலும் தக்கதொரு சான்று உண்டு. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் ஏற்க நேர்ந்த சீரங்கப்பட்டண உடன்படிக்கையே அது. அதன் விளைவுகளை யாம் ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

அவ்வுடன்படிக்கையின் தலையாய கூறுகள் நான்கு. நாட்டிற் பாதியைக் கும்பினியார், நிசாம், மராட்டியர் ஆகிய முத்திறத்தார்க்கும் அளித்தல். 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் செலுத்துதல். ஐதர் அலி காலமுதல் சிறைப்பட்டோரை விடுவித்தல். இவை நிறைவேறுங்காறும் மைந்தர் இருவரைப் பிணையாக ஒப்புவித்தல் என்பன அவை. பணத்திற் பாதியை உடனே தருதல் வேண்டும். எஞ்சியதை மூன்று தவணைகளில், ஒவ்வொன்றும் நான்கு திங்களுக்கு மேற்படாமல் தீர்த்தல் வேண்டும்.

வருவாய் தரும் நிலம் பாதியாய்க் குறைந்த வேளையிலேயே இப்பெருந்தொகையும் கேட்கப்பட்டது என்பது கருதத்தக்கது. அதன் சுமை அரசனோடு நில்லாமல், படைவீரரையும் அலுவலரையும் குடிகளையும் சென்று சேர்ந்தது. மிளகு விளையும் மலையாளக் கரை கைந்நழுவியதால் வணிக ஊதியமும் குன்றிற்று. தலைநகர்க்கு அணித்தாய குடகு நாட்டையும் விட்டுத்தருமாறு கேட்கப்பட்டபோது, அது கும்பினியார் எல்லையை அடுத்ததன்று எனத் திப்பு மறுத்துரைத்தார். முற்றுகையை மீண்டும் தொடங்கும் அச்சுறுத்தலே அவரை இணங்கச் செய்தது. பிணையாகச் சென்னைக்குக் கொண்டுசெல்லப்பட்ட இளமைந்தர் 1794இலேயே மீண்டனர்.

காரன்வாலிசு மைசூரை முற்றும் அழிக்கவில்லை. மராட்டியர்க்கும் நிசாமுக்கும் எதிர்நிற்கும் ஆற்றலாக அதனை எஞ்சவிட்டார். ஆதலின் இதனைக் கடுமையான அமைதி எனல் பொருந்தாது என்பாரும் உளர். ஒருவர் கொண்டதை ஒருவர் திருப்பியளித்த 1784ஆம் ஆண்டின் மங்களூர் உடன்படிக்கைக்குப் பின்னரும் ஆறு ஆண்டுகளில் போர் மூண்டதே எனவும் அவர் வினவுவர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. மென்மை ஒன்றே அமைதியைக் காவாது என்பதை யாமும் உடன்படுகின்றோம். ஆயினும், இழந்ததை மீட்கும் வேட்கையை 1792ஆம் ஆண்டின் கூறுகள் வளர்த்தன. அவ்வேட்கையைத் தணிக்கும் வழி எதனையும் அவை வகுக்கவில்லை. அண்டை அரசர் இருவரும் பங்குபெற்றோர் ஆனமையின், திப்பு தொலைநாட்டுத் துணையையே நாடவேண்டியவரானார். பிரெஞ்சியர்பால் அவர் விடுத்த தூதின் பயனாக 1798இல் மங்களூரில் வந்திறங்கியோர் நூற்றுவர்க்கும் குறைவானவரே. அச்சிறு துணையே வெல்லெசுலி போர் தொடுத்தற்குப் போதிய காரணமாயிற்று.

இனி, இழந்த நிலங்கள் எவ்வாறு பயன்பட்டன என்பதையும் நோக்குதல் வேண்டும். கும்பினியார் பெற்ற பாரமகால் பகுதியில் அலெக்சாந்தர் ரீடும் அவர்தம் துணைவர் தாமசு மன்றோவும் நிலவரித் திட்டம் வகுத்தனர்; பிற்காலத்து இரயத்துவாரி முறை அங்கு முளைத்ததே. அதே பாரமகால் படைவழியாகவும் ஆயிற்று. 1799இல் வேலூரினின்று புறப்பட்ட ஆரிசின் படை இராயக்கோட்டை வழியே மைசூருட் புகுந்தது. கண்ணனூரினின்று வந்த பம்பாய்ப் படை குடகு வழியே நெருங்கியது. கிழக்கிலும் மேற்கிலும் தலைநகர்க்கு அரணாயிருந்த நிலங்கள், அமைதியின் பெயரால் பெறப்பட்டுப் பகைவர்க்கு வாயில்களாயின. அவ்வாண்டு மே 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. திப்புவும் களத்தில் மாண்டார்.

ஆகவே, 1792ஆம் ஆண்டின் உடன்படிக்கை போரை நிறுத்தியதேயன்றிப் பகையைத் தீர்க்கவில்லை என்பது எம் துணிபு. தோற்றோன் பொறுத்தற்கரிய அளவிற்குக் கடுமையும், மீண்டும் முயலுதற்குப் போதிய வலிமையும் ஒருங்கே எஞ்சவிடப்பட்டன. இவ்விரண்டும் ஓரிடத்து நிற்குமாயின் அமைதி நெடிது நில்லாது என்பதனை அடுத்த ஏழாண்டு வரலாறே காட்டுகின்றது.