தொழில் அனுபவம் இல்லாத பட்டதாரி சுயவிபரக்கோவையில் எதை எழுதுவது?

பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறும் எமது பிள்ளைகள் பலர், சுயவிபரக்கோவை எழுதும்போது 'தொழில் அனுபவம்' என்ற தலைப்பில் வந்து நின்றுவிடுகிறார்கள். பின்னர் கொமினிக்கேஷன் கடையில் இருக்கும் பழைய மாதிரியொன்றில் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். ஒரே மாதிரியை நாலு பேர் அனுப்பினால், தெரிவு செய்பவருக்கு நாலு பேரும் ஒருவராகவே தெரிவர்.

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரச பதவிகளுக்குச் சுயவிபரக்கோவை பெரும்பாலும் உதவாது. வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வர்த்தமானியில் குறிப்பிட்ட மாதிரிப் படிவத்தையே நிரப்ப வேண்டும். கடித உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதச் சொன்னால் அதையும் எழுதத்தான் வேண்டும். இங்கே சொல்வது தனியார் நிறுவனங்களுக்கும் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கும் பொருந்தும்.

அனுபவம் குறைந்தவர் கல்வியை மேலே வைக்கலாம். பட்டம், வகுப்பு, ஆண்டு என்பவற்றோடு நின்றுவிடாமல் இறுதியாண்டு ஆய்வையும் எழுதுங்கள். 'ஆய்வு செய்தேன்' என்பதில் ஒன்றும் இல்லை. 'இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் செய்யும் 40 விவசாயிகளை நேரில் சந்தித்து, தரவுகளை எக்செல்லில் பகுப்பாய்வு செய்தேன்' என்றால் கள வேலை, கணினி அறிவு, மக்களோடு பேசும் பழக்கம் மூன்றும் ஒரே வரியில் வந்துவிடும். எண்ணிக்கை உண்மையாக இருக்க வேண்டும். நேர்முகத்தேர்வில் முதற்கேள்வியே அதைப் பற்றியதாக இருக்கலாம்.

அடுத்து, சம்பளம் வாங்காத வேலையும் வேலைதான். மாலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவர், எத்தனை பிள்ளைகள், எத்தனை வருடம் என்று எழுதலாம். சனசமூக நிலையத்தின் பொருளாளராக இருந்தவர் கணக்கறிக்கை தயாரித்ததை எழுதலாம். தகப்பனின் படகுக்கு எரிபொருள் கணக்கும் மீன் விற்ற கணக்கும் எழுதி வந்த பிள்ளைக்கு, கணக்குப் பதிவில் அனுபவம் இல்லை என்று யார் சொன்னது? வீட்டுத்திட்டப் படிவங்களை அயலவர்களுக்கு நிரப்பிக்கொடுத்து, பிரதேச செயலகத்துக்கு அவர்களோடு போய்வந்தவர்கள் எமது ஊர்களில் ஏராளம். கள உத்தியோகத்தர் பதவிக்கு அதைவிடப் பொருத்தமான அனுபவம் இல்லை. 'தலைமைத்துவப் பண்புடையவர்', 'கடின உழைப்பாளி' போன்ற சொற்களுக்குச் செலவிடும் இடத்தை இவற்றுக்குக் கொடுங்கள்.

வயதைப் பற்றிய கேள்வியும் வரும். 1999, 2000ஆம் ஆண்டுகளில் பிறந்த வன்னிப் பிள்ளைகள் 2009இல் ஆரம்பப் பாடசாலையில் இருந்தார்கள். இடப்பெயர்விலும் செட்டிகுளத்து முகாம்களிலும் அவர்களது படிப்பு குழம்பியது. பின்னர் 2020இல் கொரோனா, 2022இல் பொருளாதார நெருக்கடி, 2024இல் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம். ஆண்டுகளை மறைக்கவோ மாற்றவோ வேண்டாம். 'பெருந்தொற்றினால் பட்டப்படிப்பு தாமதமானது' என்ற ஒரு வரி போதும்.

பழைய மாதிரிகளில் 'தந்தையின் பெயர், தொழில்' என்றொரு கட்டம் இருக்கும். தந்தை காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை அதில் 'காலமானார்' என்று எழுதவும் முடியாது, வெறுமையாக விடவும் மனம் வராது. ஆளைத் தெரிவு செய்ய அந்த விபரம் தேவையில்லை. கட்டத்தையே எடுத்துவிடுங்கள். குடும்பத்தின் இழப்பை இரக்கத்துக்காக எழுதுவதையும் நான் விரும்பவில்லை. அதை யாரிடம், எப்போது சொல்வது என்பது உங்களது முடிவு.

பெயரில் கூடுதல் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் தேசிய அடையாள அட்டையில் ஓர் எழுத்துக்கூட்டல், உயர்தரச் சான்றிதழில் இன்னொன்று என்பது எம்மவரிடம் சாதாரணம். அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். யுத்தத்தில் சான்றிதழ்கள் தொலைந்திருந்தால் நேர்முகத்தேர்வு அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பரீட்சைப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திலும், பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும் பெறலாம். பிறப்பே பதியப்படாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழி இருக்கிறது.

சிங்களம், ஆங்கிலம் பற்றி எழுதும்போது பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று பிரித்து எழுதுங்கள். சந்தையில் சிங்களம் பேசிப் பழகியவர் 'பேசுவேன், எழுதத் தெரியாது' என்பதில் வெட்கம் இல்லை. 'மிக நன்று' என்று போட்டுவிட்டுக் கொழும்பில் முதற்கேள்வியிலேயே தடுமாறுவதுதான் சங்கடம்.

இறுதியில் உறவினரல்லாத இருவரின் பெயர் வரும். ஆய்வை மேற்பார்வை செய்த விரிவுரையாளரும், நீங்கள் தொண்டு செய்த இடத்தின் பொறுப்பாளரும் நல்ல தெரிவுகள். அரசியல்வாதியின் பெயர் வேண்டாம். இருவரிடமும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்குள் முடித்து, பி.டி.எப் கோப்பாக்கி, உங்கள் பெயரிலேயே சேமித்து அனுப்புங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் வெளிநாட்டு வேலை விளம்பரங்களுக்கு அடையாள அட்டை இலக்கம், கடவுச்சீட்டுப் பிரதி, வீட்டு முகவரி எதையும் அனுப்ப வேண்டாம். அந்த முகவர் நிலையம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யப்பட்டதா என்று முதலில் பணியகத்திடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.