வன்னி நிலமும் வறட்சியும்

வன்னிப் பெருநிலத்தின் வரலாறு குளங்களின் வரலாறேயாம். வடகீழ்ப் பருவக்காற்றுச் சில திங்களிற் பொழியும் மழையைத் தேக்கிவைத்து எஞ்சிய திங்களைக் கழிப்பதே இந்நிலத்தார் கண்ட வழி. குளம் தூர்ந்தபோது ஊர் கலைந்தது. குளம் திருந்தியபோது ஊர் மீண்டது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் அமைக்கும் வேலை 1902 ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 1936 இல் அதன் நீரை நம்பியே கிளிநொச்சிக் குடியேற்றம் உருவாயிற்று.

எனினும், குளத்து நீர் எல்லா நிலத்துக்கும் எட்டுவதில்லை. வாய்க்காலின் மட்டத்துக்கு மேற்பட்ட மேட்டுநிலத்தில் உழுந்தும் பயறும் எள்ளும் விதைப்போர் வானத்தையே நோக்கி வாழ்கின்றனர். பூக்கும் பருவத்தில் மழை பொய்ப்பின் அவ்வாண்டின் உழைப்பு வீணாகும். இவர்க்குரிய துணை மண்ணுக்குள் உண்டோ என்பதே இன்றைய வினா.

1885 இல் ஜேர்மனிய அறிஞர் அல்பேட் பிராங்க், மரவேர்களோடு கூடிவாழும் பங்கசுகளை ஆராய்ந்து அவ்வுறவுக்கு ‘மைக்கொரைசா’ எனப் பெயரிட்டார். இவ்வுறவு மிகப் பழையது; ஸ்கொட்லாந்தின் ரைனி என்னுமிடத்தில் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையுடைய கற்களிலும் இதன் சுவடு காணப்படுகின்றது. பயிர் தான் ஆக்கிய வெல்லத்தைப் பங்கசுக்கு ஈகின்றது. பங்கசோ வேர்மயிரினும் நுண்ணிய இழைகளை, வேர் புகவியலாத மண்துளைகளிற் செலுத்திப் பொசுபரசையும் நீரையும் கொணர்கின்றது. நீர் நின்று சேறாகும் வயலிலும் காற்றோட்டமுள்ள மேட்டுநிலத்திலேயே இஃது நன்கு செழிக்கும். ஓயாத உழவும் மிகையான பொசுபேற்று உரமும் இதனைக் குன்றச் செய்யும்.

அண்மைக் காலத்தில் நானோப் பொருள்களும் இம்முயற்சியிற் சேர்ந்துள்ளன. மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கே நானோமீற்றர். அத்தகைய 100 நானோமீற்றருக்கு உட்பட்ட சிலிக்கா, நாகவொட்சைட்டுத் துணிக்கைகள் வறட்சியுற்ற பயிருக்கு உதவுவதாகப் பல சோதனைகள் காட்டுகின்றன. ஆயின் அளவு மிஞ்சிய நாகத்துணிக்கை அப்பங்கசையே நலிவிக்கும் என்பதும் அறியப்பட்டதே. புதிய மருந்து பழைய துணையைக் கொல்லலாகாது.

சட்டியிற் கண்ட பயன் வயலிலும் கிட்டுமென்பது உறுதியன்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் அமைந்துள்ளது. வன்னியின் செம்மண்ணில், வன்னி விவசாயியின் கண்முன்னே, பல போகங்கள் சோதித்துத் தெளிதலே தக்கது. முன்னோர் குளத்தைக் கட்டியதோடு அமையாது, அணையையும் துருசையும் ஆண்டுதோறும் பேணினர். மண்ணுள் வாழும் நுண்ணுயிரையும் அவ்வாறே பேணுதல் பின்னோர் கடனாகும்.