தண்டவாளம் அற்ற நிலையங்கள்

யாழ்ப்பாண நகரிலே 'ஸ்ரேசன் வீதி' என்றொரு வீதி உண்டு. 1990ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரை அவ்வீதியால் நடந்து சென்றோர் புகையிரதம் எதனையும் கண்டதில்லை. அக்காலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஸ்ரேசன் என்பது கூரையிழந்த சுவர். கோச்சி என்பது பாட்டிமார் கதையில் வருவதொரு வாகனம். அத்தலைமுறையைச் சேர்ந்தவனே நானும். "கோச்சிதான் இப்போது ஓடுகிறதே, ஓடாத காலத்தை ஏன் படிக்கவேண்டும்?" என்று வகுப்பிலே வினவும் மாணவர்க்கு விடை கூற முயல்வதே இக்கட்டுரை.

இலங்கையிற் புகையிரதம் மக்கள் நலங்கருதி வந்ததன்று. கொழும்பிலிருந்து 1864இல் அம்பேபுச வரையும், 1867இல் கண்டி வரையும் பாதை இடப்பட்டமைக்குக் கோப்பியே காரணம். மலைநாட்டு விளைச்சலைத் துறைமுகத்திற் சேர்க்கும் அவசரம் தோட்டத்துரைமாருக்கு இருந்தது. பனையும் புகையிலையும் விளையும் வடபுலத்தின்பால் அத்தகைய அவசரம் எவருக்கும் இருக்கவில்லை. ஆதலால், கண்டிக்குப் பின் முப்பத்தைந்து ஆண்டுகள் யாழ்ப்பாணம் காத்திருக்க நேர்ந்தது.

1902ஆம் ஆண்டிலே காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதற் புகையிரதம் ஓடிற்று. அப்பொழுது அது தென்னிலங்கையோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை. 1905ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலேதான் கொழும்பிலிருந்து நேர்வண்டி வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணப் புகையிரதம் முதலில் அயலூர்களை இணைக்கும் வண்டியாகவே பிறந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என ஓரிரு மைலுக்கு ஒன்றாக அமைந்த சிறு நிலையங்கள் அவ்வுண்மைக்குச் சான்று பகர்வன. கல்லூரி மாணவரும், கச்சேரி எழுதுவினைஞரும், 1950 அளவிற் காங்கேசன்துறையில் எழுந்த சீமெந்துத் தொழிற்சாலையின் தொழிலாளரும் இப்பாதையை நம்பி வாழ்ந்தனர்.

இந்நிலையங்களுக்கு மற்றொரு வரலாறும் உண்டு. புகையிரதத்திலே முதலாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புக்கள் இருந்தன. அவை பணத்தால் வகுக்கப்பட்டவை, பிறப்பால் அன்று. இதனைச் சமத்துவம் என்று கொண்டாடுதல் பேதைமை. ஆயினும், சாதியால் இறுகிய ஒரு சமுதாயத்திலே அது சிறிய தொன்றன்று. பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்பட்டபோது 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலே பாடசாலைகள் தீயிடப்பட்ட நாடு இது. ஒடுக்கப்பட்ட மக்கள் பேருந்தின் ஆசனத்தில் அமரவும் தடுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. மாவிட்டபுரம் நிலையத்திலே சீட்டு வாங்கியவர் எவரும் வண்டியேறலாம். அவ்வூர்க் கந்தசுவாமி கோயிலினுள் நுழைவதற்கோ 1968இல் மக்கள் போராட வேண்டியிருந்தது. சீட்டுக்குத் திறந்த கதவு பக்திக்குத் திறக்கவில்லை.

1956 ஏப்ரலிலே யாழ்தேவி ஓடத் தொடங்கிற்று. தெற்கிலே உத்தியோகம், வடக்கிலே குடும்பம் என்ற வாழ்வு அவ்வண்டியால் உறுதிபெற்றது. நிலமும் தொழிலும் போதாத குடாநாட்டை 'மணியோடர்ப் பொருளாதாரம்' தாங்கிநின்றது என்பர். அதற்கு வழியமைத்தவற்றுள் இத்தண்டவாளமும் ஒன்று. சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியதும் அதே 1956இலேதான். வண்டி இரு மக்களையும் நெருக்கிற்று. அரசியல் அவர்களைப் பிரித்தது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டன. போரிட்ட இரு தரப்பினரும் அவற்றைக் கொண்டு பதுங்குகுழிகளுக்குக் கூரையிட்டனர். ஊரையும் ஊரையும் இணைத்த இரும்பு, மனிதரும் மனிதரும் குண்டுக்கு அஞ்சி ஒளியும் பள்ளத்துக்குக் கூரையாயிற்று. கைவிடப்பட்ட நிலையங்கள் சிலவற்றிலும், பாதையோரங்களிலும், இடம்பெயர்ந்த குடும்பங்கள் அடுப்பு மூட்டின. சீட்டுக்காகக் காத்திருந்த இடத்திலே மக்கள் சமாதானத்துக்காகக் காத்திருந்தனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழியைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். தொண்ணூற்று மூன்று ஆண்டுகளுக்கு முன் வண்டி ஓடிய அதே திசையிலே, முதியோரைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு சென்றனர்.

போர் 2009இல் முடிந்தது. இந்தியக் கடனுதவியுடன் பாதை மீண்டும் இடப்பட்டது. 2014 ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரி 2இல் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் திரும்பிற்று. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், காங்கேசன்துறைக்கு வண்டி வந்த அந்நாளிலே, அந்நிலையத்தைச் சூழ்ந்த காணிகளுக்கு உரியோர் பலர் உயர் பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே, முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் இருந்தனர். கோச்சி ஊர் திரும்பிற்று, ஊரவர் திரும்பவில்லை. இறங்குவோர்க்கு நிலையம் இருந்தது. இறங்கிப் போவதற்கு வீடில்லை.

ஓடாத காலத்தை ஏன் படிக்கவேண்டும் என்ற வினாவுக்கு விடை இதுவே. தண்டவாளத்தை இடுவதற்கு இரும்பும் கடனும் போதும். நிலையம் நிலையமாவதோ, தன் வளவை விட்டு நடந்து வந்து வண்டியேறி, மாலையில் அவ்வளவுக்கே திரும்பும் மனிதராலே. அம்மனிதரைக் கணக்கிற் கொள்ளாத திறப்புவிழாக்களை, நமது மாணவர் கைதட்டி வரவேற்கும் முன்பு ஒரு கேள்வியேனும் கேட்கக் கற்றல் வேண்டும்.